முதலில் பிரித்த மூன்று பெட்டிகள்

கேள்வி: சிறிய ஆவணக் காப்பகம் ஒன்றில் உதவியாளராகச் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. காலமான தாவரவியல் பேராசிரியர் ஒருவரின் சேகரிப்பைக் குடும்பத்தார் எங்களிடம் ஒப்படைத்திருக்கிறார்கள். மொத்தம் 26 அட்டைப்பெட்டிகள். கடிதங்கள், களக் குறிப்பேடுகள், புகைப்படங்கள், ஸ்லைடுகள், பத்திரிகைத் துணுக்குகள், கொஞ்சம் ஃபிளாப்பிகள். ஒழுங்குபடுத்திப் புதிய பெட்டிகளுக்கு மாற்றுவது என் பொறுப்பு. முதல் மூன்று பெட்டிகளில் இருந்த கடிதக் கட்டுகளை அவிழ்த்து, ஸ்டேபிள், கிளிப் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, தேதிவாரியாக அடுக்கினேன். அதைப் பார்த்த மூத்த சகப் பணியாளர், “இதோடு நிறுத்து” என்றார். விளக்க அவருக்கு நேரமில்லை. நான் செய்தது தவறா? இனி எப்படித் தொடர்வது? எந்த மாதிரிப் பெட்டி, ஃபோல்டர் வாங்குவது? இன்னொரு சங்கடமும் உண்டு. கடிதங்களுக்கு நடுவே, பேராசிரியரின் மாணவர் ஒருவருடைய மருத்துவத் தாள்கள் இருக்கின்றன. அவற்றை என்ன செய்ய?

அன்புள்ள வாசகருக்கு,

உங்கள் மூத்தவர் சொன்னது சரி. ஆனால் போனதில் பாதிக்கு மேல் மீட்டுவிடலாம் என்றே நினைக்கிறேன். அதனால் புதுப் பெட்டி வாங்குவதை ஒரு வாரம் தள்ளிப்போடுங்கள். முதலில் அந்த மூன்றைப் பார்ப்போம்.

பேராசிரியருக்கு ஒரு மாணவர் கடிதம் எழுதுகிறார். பேராசிரியர் அதையும், தன் பதிலின் கார்பன் நகலையும், இரண்டு வருடம் கழித்து வந்த ஒரு பத்திரிகைத் துணுக்கையும், குறிப்பேட்டிலிருந்து கிழித்த ஒரு பக்கத்தையும் சேர்த்து ஒரு ரப்பர் பேண்டில் கட்டி வைத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த நான்கும் அவர் மனத்தில் ஒரே விஷயம் என்பதை அந்தக் கட்டு சொல்கிறது. எந்தத் தாளிலும் அது எழுதப்பட்டிருக்காது. தேதிவாரியாகப் பிரித்தால் நான்கும் நான்கு இடத்துக்குப் போய்விடும். எழுத்து அப்படியே இருக்கும். அவர் அதை ஏன் வைத்திருந்தார் என்பது போய்விடும். தேதி வரிசை வேண்டுமென்றால், பட்டியலைக் கணினியில் போட்டு ஒரு நொடியில் எடுத்துக்கொள்ளலாம். கலைந்த கட்டை எந்தக் கணினியும் திருப்பித் தராது.

இது நம் தொழிலின் ஆதி நம்பிக்கை. ஒருவரிடமிருந்து வந்த ஆவணங்களை இன்னொருவருடையதோடு கலக்கக் கூடாது என்று பிரெஞ்சு உள்துறை அமைச்சகம் 1841-ல் சுற்றறிக்கை விட்டது. உருவாக்கிய அலுவலகம் வைத்திருந்த வரிசையையே காக்க வேண்டும் என்று பிரஷ்ய அரசு ஆவணக் காப்பகம் 1881-ல் விதி செய்தது. முல்லர், ஃபைத், ஃப்ராய்ன் என்ற மூன்று டச்சு ஆவணக் காப்பாளர்கள் 1898-ல் எழுதிய கையேடு இவற்றை முறைப்படி தொகுத்தது. இவை பெரும்பாலும் அரசு அலுவலகக் கோப்புகளை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. தனிமனிதர்களின் தாள்களை வெகுகாலம் நூலகக் கையெழுத்துப் பிரதிகளைப் போலவே கருதி, ஒவ்வொன்றாக உருவி, தேதி வாரியாகவோ பெயர் வாரியாகவோ அடுக்கினார்கள். நீங்கள் செய்ததும் அதுதான். உங்களுக்கு முன் பல தலைமுறை ஆட்கள் நல்ல எண்ணத்தோடு செய்த தவறு.

நானும் செய்திருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம், ஒரு பொறியாளரின் சேகரிப்பு என் மேசைக்கு வந்தது. ஒரே நண்பரிடமிருந்து வந்த கடிதங்கள் இரண்டு கட்டுகளாக இருந்தன. இரண்டிலும் ரப்பர் பேண்ட் உருகிக் காகிதத்தில் ஒட்டியிருந்தது. பக்குவமாகச் சுரண்டி எடுத்துவிட்டு, எழுதியவர் ஒருவர்தானே என்று இரண்டையும் ஒன்றாக்கினேன். சில மாதம் கழித்து அவருடைய மகள் வந்தார். “அப்பா பதில் போட்ட கடிதங்களை ஒரு கட்டாகவும், பதிலே போடாதவற்றை இன்னொரு கட்டாகவும் வைத்திருப்பாரே, அந்த இரண்டாவது கட்டு எங்கே?” என்று கேட்டார். அந்த நட்பு கடைசியில் முறிந்துபோனது. எந்தக் கடிதத்தோடு முறிந்தது என்று அவர் தெரிந்துகொள்ள விரும்பினார். என்னால் சொல்ல முடியவில்லை. இன்றும் அந்த ஃபோல்டரை எடுக்கும்போது வயிற்றைப் பிசைகிறது.

உங்கள் நிலைமை அவ்வளவு மோசமில்லை. காகிதம் தன் அண்டை வீட்டாரை எளிதில் மறக்காது. துருப்பிடித்த கிளிப் எத்தனை தாளைப் பிடித்திருந்ததோ அத்தனையிலும் அதே உயரத்தில் கறை இருக்கும். மேலே அழுத்தமாக, உள்ளே போகப் போக மங்கலாக. ஸ்டேபிள் துளைகளை வெளிச்சத்தில் பிடித்து ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பாருங்கள், பொருந்துவது பொருந்தும். சேர்த்து மடித்த தாள்களின் மடிப்புக்கோடு ஒன்றுபோல் விழுந்திருக்கும். கட்டின் மேல் தாளும் அடித் தாளும் மற்றவற்றைவிடப் பழுத்திருக்கும். பத்திரிகைத் துணுக்கு இன்னும் உதவும்: அதன் அமிலம் பக்கத்துத் தாளுக்கு ஏறி, துணுக்கின் வடிவத்திலேயே ஒரு பழுப்பு நிழலை விட்டிருக்கும். அந்த நிழலோடு துணுக்கைப் பொருத்தினால் எந்தக் கடிதத்தோடு கிடந்தது என்று தெரிந்துவிடும். பெட்டிகள் வந்து இறங்கியபோது யாராவது கைபேசியில் படம் எடுத்திருந்தால் அதையும் வாங்குங்கள். எல்லாவற்றுக்கும் முன்னால், உங்கள் நினைவில் இருப்பதை இன்றே எழுதிவிடுங்கள். எத்தனை கட்டுகள், எது தடிமன், எதன்மேல் சீட்டு இருந்தது என்பதெல்லாம் அடுத்த மாதம் ஞாபகத்தில் இருக்காது. தடயம் உறுதியாக இருக்கும் இடத்தில் மட்டும் பழையபடி சேருங்கள். ஐயமிருந்தால் விட்டுவிடுங்கள். ஊகத்தில் கட்டிய கட்டு, கலைந்த கட்டைவிட ஆபத்தானது. பின்னால் வருபவர் அதைப் பேராசிரியர் கட்டியதென்று நம்பிவிடுவார்.

இனி மீதி 23. வந்த வரிசையில் பெட்டிகளுக்குப் பென்சிலால் எண் போடுங்கள். ஒவ்வொன்றையும் திறந்ததும், கை வைப்பதற்கு முன், மேலிருந்து ஒரு படம். ஓர் அடுக்கு எடுத்ததும் இன்னொரு படம். உள்ளே என்ன இருக்கிறது என்று நோட்டில் நாலு வரி. பூஞ்சை வாடையோ பூச்சியோ தெரிந்தால் அந்தப் பெட்டியை மட்டும் தனியே வையுங்கள். இந்தச் சுற்றில் எதையும் இடம் மாற்றாதீர்கள். மேலதிகாரி வேகம் கேட்பார். கேட்டாலும், 26 பெட்டியையும் ஒருமுறை பார்த்து முடிக்காமல் எதையும் வகைபிரிக்காதீர்கள். முதல் பெட்டியில் பாதியாக நிற்கும் கோப்பின் மறுபாதி பதினெட்டாம் பெட்டியில் கிடக்கும். இது திரும்பத் திரும்ப நடப்பதைப் பார்த்திருக்கிறேன்.

பார்க்கும்போது ஒரு கேள்வியை விடாமல் கேட்டுக்கொண்டிருங்கள்: இந்த அடுக்கு யாருடைய கை? பேராசிரியருடையதா, அவர் போன பிறகு அறையைக் காலி செய்தவர்களுடையதா? வீட்டார் அலமாரியை ஒரே வாரத்தில் ஒழித்து, கைக்கு வந்ததைப் போட்டு நிரப்பியிருந்தால், பெட்டியின் வரிசைக்கு மரியாதை தேவையில்லை. வருமான வரி ரசீதும் மூக்குக்கண்ணாடிக் கூடும் களக் குறிப்பேடும் ஒன்றாகக் கிடப்பதை யாரும் மூல ஒழுங்கு என்று சொல்ல மாட்டார்கள். ஆனால் அதே பெட்டிக்குள், அவர் கையெழுத்தில் தலைப்பிட்ட ஓர் உறை இருந்தால் அந்த உறைக்குள் இருப்பது அவருடைய ஒழுங்கு. பெட்டி மட்டத்தில் உங்களுக்கு முழுச் சுதந்திரம் இருக்கலாம், கட்டு மட்டத்தில் துளியும் இல்லாமல் போகலாம். விதியைப் படித்தவர்கள் தடுமாறுவது இந்த இடத்தில்தான். வீட்டாரிடம் கேட்டாலே பாதி தெரிந்துவிடும். எது மேசையில் இருந்தது, எது பரணில் இருந்தது என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

பிறகு தொடர்கள், அதாவது ஒரே வகைத் தாள்களைச் சேர்த்த பெரும் பிரிவுகள். கடிதப் போக்குவரத்து, களக் குறிப்பேடுகள், கட்டுரை வரைவுகள், வகுப்புக் குறிப்புகள், புகைப்படங்கள், சொந்தத் தாள்கள் என்று பொதுவாகப் பிரிப்பது வழக்கம். ஆனால் அவர் கடிதங்களை ஆள் பெயரில் வைக்காமல் தாவரக் குடும்பத்தின் பெயரில் வைத்திருந்தால், நீங்களும் தாவரக் குடும்பத்தின் பெயரிலேயே வையுங்கள். ஆய்வாளருக்கு ஆள் பெயர் தேவைப்பட்டால் பட்டியல் பார்த்துக்கொள்ளும். இடத்தால் பிரிந்திருப்பவற்றைப் பட்டியலில் ஒன்றாகக் காட்டலாம் என்பதை மறக்காதீர்கள். எல்லா உறவையும் பெட்டியிலேயே காட்ட வேண்டியதில்லை. ஆவணங்களை எப்படி விவரித்துப் பட்டியலிடுவது என்பதற்கான சர்வதேசத் தரமான ஐஎஸ்ஏடி(ஜி), 1994-லிருந்து சொல்வதும் பொதுவிலிருந்து தனிக்குப் போ என்பதுதான்: முழுச் சேகரிப்பு, தொடர், கோப்பு, அதன் பிறகே தனித் தாள். 26 பெட்டியில் ஒவ்வொரு கடிதத்துக்கும் ஒரு வரி எழுத உட்கார்ந்தால் உங்கள் காலம் போதாது. கோப்பு மட்டத்தில் நிறுத்துங்கள்.

ஸ்டேபிள் விஷயத்துக்கு வருகிறேன். மார்க் கிரீன், டென்னிஸ் மெய்ஸ்னர் இருவரும் 2005-ல் எழுதிய கட்டுரை ஒன்று எங்கள் தொழிலையே உலுக்கியது. காப்பகங்கள் ஸ்டேபிளைப் பிடுங்குவதிலும் ஃபோல்டர் மாற்றுவதிலும் பொழுதைக் கழிக்கின்றன, அதனால் சேகரிப்புகள் வருடக்கணக்கில் யார் கண்ணிலும் படாமல் குவிகின்றன என்றார்கள். இருபதாம் நூற்றாண்டுத் தாள்களுக்கு ஒரு கன அடிக்கு நாலு மணி நேரம் போதும் என்றார்கள். முழுவதும் ஏற்கவில்லை என்றாலும் பெரும்பாலும் அவர்கள் பக்கம்தான் நான். துருப்பிடித்ததையும் தாளைக் கிழிப்பதையும் எடுங்கள். பளபளப்பாக இருப்பதை, கிடங்கு வறண்டு நிலையாக இருந்தால், விட்டுவிடுங்கள். ஈரம் ஏறும் கிடங்கு என்றால் எடுத்துவிடுவதே நல்லது. எடுக்கும்போது ஸ்டேபிள் ரிமூவரால் கவ்வி இழுக்காதீர்கள். தட்டையான மெல்லிய கத்தியால் பின்பக்கக் கால்களை நிமிர்த்திவிட்டு, முன்பக்கமிருந்து தூக்குங்கள். எடுத்த கையோடு, அந்தத் தாள்களை அமிலமற்ற காகிதம் ஒன்றை இரண்டாக மடித்து அதற்குள் வையுங்கள். முதல் மூன்று பெட்டிகளில் உங்களிடம் விட்டுப்போனது இந்த ஒரு மடிப்புக் காகிதம்தான். உலோகம் போகலாம், உறவு போகக் கூடாது.

பெட்டி, ஃபோல்டர். ‘ஆர்கைவல்’ என்று அச்சிட்டிருப்பதை மட்டும் நம்பி வாங்காதீர்கள். அந்தச் சொல்லை யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவிலிருந்து படிகாரமும் பிசினும் கலந்து பதப்படுத்திய காகிதமும், மரக்கூழ்க் காகிதமும் பரவின. பழைய பத்திரிகை தொட்டால் உதிர்வதற்கு அவற்றிலுள்ள அமிலமும், மரத்திலிருந்து வரும் லிக்னின் என்ற பொருளும்தான் காரணம். நீங்கள் வாங்கும் அட்டையும் அதே சரக்காக இருந்தால் புது வீடே நோயைக் கொடுக்கும். விற்பவரிடம் மூன்று கேளுங்கள்: அமிலமும் லிக்னினும் இல்லாததா, அமிலத்தை முறிக்கும் காரமான கால்சியம் கார்பனேட் இருப்பு உள்ளதா, புகைப்படம் வைப்பதென்றால், படத்தைக் கெடுக்குமா என்று பார்க்கும் ஐஎஸ்ஓ 18916 சோதனையில் தேறியதா. எழுத்தில் பதில் தராதவரிடம் வாங்க வேண்டாம். கால்சியம் கார்பனேட் சாதாரணத் தாள்களுக்கு நல்லது. நீலப் பின்னணி வரைபட நகல்களுக்குக் கூடாது, அந்த நீலம் காரத்தில் வெளுக்கும். அவற்றுக்குக் காரம் சேர்க்காத காகிதம் தனியே வாங்குங்கள்.

தாள்களை நிற்க வைக்கும் பெட்டி 12 அல்லது 13 சென்டிமீட்டர் அகலம் இருந்தால் ஒரு கையால் எடுக்கலாம். ஃபோல்டரின் அடியில் மடிப்புக் கோடுகள் இருக்கும். உள்ளிருக்கும் தடிமனுக்குத் தக்க கோட்டில் மடித்து அடியைச் சதுரமாக்குங்கள். பலர் இதைச் செய்வதில்லை. செய்யாவிட்டால் தாள்கள் நடுவில் தொங்கி வளையும். பெட்டி தளர்வாக இருந்தால் சரியும், நெருக்கினால் இழுக்கும்போது கிழியும். பாதி நிரம்பிய பெட்டியில் அதே வகை அட்டையை மடித்து முட்டுக் கொடுங்கள். வரைபடங்களை மடிக்காமல் தட்டையாகப் பெரிய உறையில் வைத்து, அவை இருந்த இடத்தில் ‘இங்கிருந்தது, இப்போது இங்கே’ என்று ஒரு சீட்டு. எல்லா எழுத்தும் பென்சிலில். தாள் உள்ளே வருவதற்கு முன்பே ஃபோல்டர் மேல் எழுதிவிடுங்கள், இல்லாவிட்டால் அழுத்தம் தாளில் பதியும்.

புகைப்படங்களுக்கும் ஸ்லைடுகளுக்கும் பாலியெஸ்டர் அல்லது பாலிப்ரொப்பிலீன் உறை. பிவிசி வேண்டவே வேண்டாம். படத்தைத் தொடும்போது நைட்ரைல் கையுறை. காகிதத்துக்குக் கழுவித் துடைத்த வெறும் கை போதும். துணிக் கையுறை போட்டால் விரலுக்குத் தாளின் ஓரம் தெரியாது, கிழியும். நெகட்டிவ் பெட்டியைத் திறந்ததும் வினிகர் வாடை அடித்தால் அசிடேட் ஃபிலிம் சிதைகிறது என்று பொருள். வெளிவரும் அமிலம் சிதைவை மேலும் விரட்டும், பக்கத்தில் இருப்பதையும் தாக்கும். உடனே பிரித்துக் குளிரில் வைக்க வழி பாருங்கள். 1950-களின் தொடக்கத்துக்கு முந்திய ஃபிலிம் இருந்தால் அது நைட்ரேட்டா என்று தெரிந்த ஒருவரிடம் காட்டாமல் கிடங்குக்குள் விடாதீர்கள். எளிதில் தீப்பிடிக்கும். பசை ஒட்டிய பக்கங்களும் மேலே பிளாஸ்டிக் தாளும் கொண்ட ஆல்பத்தில் படங்களைப் பிய்க்க வேண்டாம். முதலில் பக்கம் பக்கமாகப் படமெடுங்கள். அந்த ஆல்பத்தின் வரிசையும் ஒருவர் செய்த ஒழுங்குதான்.

தாவரவியலாளர் என்பதால் இரண்டு எச்சரிக்கை. குறிப்பேடுகளுக்குள் காய்ந்த இலைகள் இருக்கும். உதறிவிடாதீர்கள். எந்தப் பக்கத்தில் இருந்தது என்பதே அதன் முகவரி. பக்க எண்ணைக் குறித்து, மடித்த காகிதத்துக்குள் இட்டு, அதே குறிப்பேட்டோடு வையுங்கள். அட்டையில் ஒட்டிய பழைய தாவர மாதிரிகள் இருந்தால் கையுறை இல்லாமல் தொட வேண்டாம். பூச்சி அரிக்காமல் இருக்க அவற்றுக்கு மெர்குரிக் குளோரைடு பூசும் வழக்கம் வெகுகாலம் இருந்தது. கொடிய நஞ்சு, வருடங்கள் போனாலும் போகாது. காற்றோட்டமான இடத்தில் வேலை செய்யுங்கள். உறையின்மேல் பின்னால் வருபவருக்கும் எழுதி வையுங்கள்.

ஃபிளாப்பியைக் கணினியில் செருகுவதற்கு முன் எழுதுதடையைப் போடுங்கள். 3.5 அங்குலத்தில் மூலையிலுள்ள சிறு கதவைத் தள்ளி ஓட்டை தெரியும்படி விட வேண்டும், 5.25 அங்குலத்தில் பக்கவாட்டு வெட்டை ஒட்டி மூட வேண்டும். இரண்டும் நேரெதிர், குழப்பிக்கொள்ளாதீர்கள். தடையில்லாமல் திறந்தால் கோப்புகளின் பழைய தேதிகள் மாறிவிடக்கூடும். அதுவும் கட்டு அவிழ்ப்பது மாதிரிதான். ஃபேக்ஸ் தாள் இருந்தால் காத்திருக்க வேண்டாம், இந்த வாரமே நல்ல காகிதத்தில் நகல் எடுங்கள். வெப்பத்தாளின் எழுத்து தானாகவே மங்கி மறையும்.

அந்த மருத்துவத் தாள்கள். கிழிக்காதீர்கள், நீங்களாக யாரிடமும் திருப்பிக் கொடுக்காதீர்கள், சகப் பணியாளர்களிடம் கதையாகவும் சொல்லாதீர்கள். சேகரிப்பைக் கொடுத்த குடும்பத்தார் கொடைப் பத்திரத்தில் கையெழுத்திட்டிருப்பார்கள். அது பேராசிரியருடைய தாள்களுக்குச் செல்லும். அந்த மாணவரின் உடல்நிலையை ஊரறிய வைக்கச் சம்மதம் தரும் உரிமை அவர்களுக்கு இல்லை. மாணவர் எங்களுக்கு எதையும் கொடுக்கவில்லை, தன் ஆசிரியரை நம்பிக் கொடுத்தார். அவர் இன்றும் உயிரோடு இருக்கலாம். அந்தத் தாள்களைத் தனி உறையில் இட்டு ஒட்டி, அவை இருந்த இடத்தில் சீட்டு வைத்து, பூட்டிய இடத்துக்கு மாற்றுங்கள். பட்டியலில் பெயர் வேண்டாம். ‘மூன்றாம் நபரின் அந்தரங்கத் தாள்கள், இந்த ஆண்டு வரை பார்வைக்கு இல்லை’ என்று போதும். எந்த ஆண்டு என்பதை நீங்கள் முடிவு செய்யாதீர்கள். உங்கள் நாட்டுச் சட்டமும் காப்பக விதியும் சொல்லட்டும், மேலதிகாரி எழுத்தில் ஒப்புதல் தரட்டும். இவற்றை ஏன் பேராசிரியர் கடைசிவரை வைத்திருந்தார் என்பதற்கு ஒரு காரணம் இருந்திருக்கும். அந்தக் காரணத்தை அறியும் வாய்ப்பையும், அந்த மாணவரின் மானத்தையும் ஒருசேரக் காப்பதற்கு எனக்குத் தெரிந்த ஒரே வழி இதுதான்.

கடைசியாக, பட்டியலின் முன்னுரையில் ஒரு பத்தி சேருங்கள். எழுதக் கூச்சமாக இருக்கும், எழுதுங்கள்: “1 முதல் 3 வரையுள்ள பெட்டிகளின் கடிதங்கள் காப்பகப் பணியின்போது தேதிவாரியாக மாற்றப்பட்டன. கறை, துளை, மடிப்பு ஆகிய தடயங்களைக் கொண்டு இத்தனை கட்டுகள் மீண்டும் சேர்க்கப்பட்டுள்ளன. எஞ்சியவற்றின் தேதி வரிசை, பேராசிரியர் வைத்த வரிசை அல்ல.” கீழே உங்கள் பெயரின் முதலெழுத்தும் அன்றைய தேதியும். என் பொறியாளரின் பட்டியலிலும் இப்படி ஒரு பத்தி இருக்கிறது. மகள் கேட்டுவிட்டுப் போன அன்று மாலையே எழுதிச் சேர்த்தேன்.

அன்புடன்,
ஓர் ஆவணக் காப்பாளர்